இயற்கை விளைபொருளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?
(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)



உணவைப் பற்றி நம் சமயத்தவரைப் போல் நுணுகி ஆராய்ந்தோர் சிலரே. எதனை உண்பது, எப்பொழுது உண்பது, தானியத்தை எவ்வாறு ஆய்ந்து எடுப்பது, நீரை எவ்வாறு வடிகட்டுவது என்பனவற்றையெல்லாம் முன்னோர் வகுத்துத் தந்துள்ளனர். ஆயினும் நம் பாட்டியர் காலத்தில் எழாத வினா ஒன்று இன்று எழுந்துள்ளது. கடைக்குச் சென்றால் ஒரே பொருளுக்கு இரண்டு விலை. 'இயற்கை முறையில் விளைந்தது' என்றோ 'ஆர்கானிக்' என்றோ சீட்டு ஒட்டியிருப்பின் விலை ஒன்றரை மடங்கு. சில பொருள்களுக்கு இரண்டு மடங்கு. வாங்காவிடில் பிள்ளைகளுக்கு நஞ்சூட்டுகிறோமோ என்னும் அச்சம் ஒருபுறம். வாங்கினால் மாதக் கடைசியில் கை வறண்டு போகுமே என்னும் கவலை மறுபுறம். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கோ மூன்றாவது வினாவும் உண்டு: எதனை வாங்கினால் உயிர்க்கேடு குறையும்?

புதுக்கோட்டையில் நம்மைக் காண வரும் இளந்தாய்மார் இவ்வினாவை அடிக்கடி கேட்கின்றனர். ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியர்க்கு நாம் முதலில் கற்பித்தது, சொல்லின் பொருளைத் தெளிவாக்காமல் பாடத்துள் நுழைதல் ஆகாது என்பதாகும். அம்முறையிலேயே இப்பாடத்தையும் தொடங்குவோம்.

1. சொற்பொருள் தெளிவு

'இயற்கை', 'பாரம்பரியம்', 'நாட்டு', 'நஞ்சில்லா' என்னும் சொற்களைப் பலரும் ஒரே பொருளில் வழங்குகின்றனர். அவை ஒன்றல்ல. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி என்பன பாரம்பரிய நெல் வகைகள். இத்தகைய நெல் வகைகளைத் தேடித் தொகுத்துப் பரப்பிய திருவாரூர் மாவட்டத்து நெல் ஜெயராமன் அவர்களின் (மறைவு 2018) தொண்டினால் அப்பெயர்கள் மீண்டும் நம் செவிக்கு வந்தன. ஆயினும் பாரம்பரிய விதையை விதைத்து, யூரியா இட்டு, பூச்சிக்கொல்லி தெளித்து விளைவிப்பாரும் உளர். அவ்வரிசி பாரம்பரிய வகை. இயற்கை விளைச்சல் அன்று. அதுபோலவே நாட்டுச் சர்க்கரை என்பது செய்முறையைக் குறிப்பதேயன்றிக் கரும்பு வளர்ந்த முறையைக் குறிப்பதன்று.

இயற்கை வேளாண்மை, அரசின் சொல்லில் அங்கக வேளாண்மை, என்பது செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இன்றி, தொழுவுரம், மட்கு, பசுந்தாள் உரம், பயிர்ச் சுழற்சி ஆகியவற்றால் நிலத்தை வளப்படுத்தி விளைவிக்கும் முறையாகும். நேற்றுவரை மருந்து தெளித்த வயல் இன்று இயற்கை வயலாகிவிடாது. நம் நாட்டின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டும், மரப்பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டும் மாறுதல் காலமாக வகுத்துள்ளது.

2. நம் மாவட்டத்தில் இது புதிதன்று

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு உருவானது. ஏரியையும் கண்மாயையும் மழையையும் நம்பிய நிலம் இங்கு மிகுதி. இத்தகைய வறண்ட நிலத்திற்கேற்ற இயற்கை வேளாண்மையைச் செய்து காட்டிய இடங்களுள் ஒன்று, 'குடும்பம்' என்னும் அமைப்பு ஒடுகம்பட்டியில் நடத்தும் கொளுஞ்சிப் பண்ணையாகும். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அவர்களுக்கு (1938-2013) அப்பண்ணையோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. கொளுஞ்சி என்பது வறண்ட மண்ணிலும் தானே வளரும் ஒரு செடி. அவரை இனத்தைச் சார்ந்ததாகலின், அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். வரப்போரம் கிடக்கும் செடியே உரமாகும் என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகிறது.

மறுபுறம், வம்பனில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையமும், குடுமியான்மலையில் அண்ணா பண்ணையும் உள்ளன. வம்பனில் உருவான உளுந்து வகைகளை நம் உழவர் பலரும் பயிரிடுகின்றனர். ஆகவே அறிவியலை ஒரு பக்கத்திலும் இயற்கையை மறுபக்கத்திலும் நிறுத்திச் சண்டை மூட்டுதல் பொருந்தாது. நோய் தாங்கும் நல்ல விதை கிடைத்தால் மருந்துத் தெளிப்பு தானே குறையும்.

3. உடலுக்கு நன்மை உண்டா?

விற்போர் கூறுவதை விட்டு, ஆராய்ந்தோர் கூறுவதைக் காண்போம். 2009இல் இலண்டன் ஆய்வாளர்கள் ஐம்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சத்தளவில் இருவகை உணவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றனர். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 237 ஆய்வுகளைத் தொகுத்து, சத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆயினும் இயற்கை விளைபொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு குறைவு என்று முடிவு கண்டனர். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தோர், இயற்கை விளைபொருளில் நோய் எதிர்க்கத் துணைசெய்யும் சில பொருள்கள் மிகுதி என்றும், காட்மியம் என்னும் கேடான உலோகம் குறைவு என்றும், எச்சம் காணப்படுவது சற்றேறக்குறைய நான்கில் ஒரு பங்கே என்றும் கூறினர்.

நோய் தடுக்குமா என்னும் வினாவிலும் ஒருமித்த விடை இல்லை. 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 69,000 பேரை நோக்கி, இயற்கை உணவை மிகுதியாக உண்டோரிடம் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு என்றது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை நோக்கிய இங்கிலாந்து ஆய்வோ, 2014இல், பொதுவாக அத்தகைய குறைவு எதுவும் காணப்படவில்லை என்றது. இயற்கை உணவு வாங்குவோர் பெரும்பாலும் வசதியும் உடல்நலப் பேணுதலும் மிக்கவர். ஆகவே நன்மை உணவால் வந்ததா, வாழ்க்கை முறையால் வந்ததா எனப் பிரித்தறிதல் அரிது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க கருத்து இது: சத்துக்காக இயற்கைப் பொருளை வாங்க வேண்டும் என்பதற்குச் சான்று வலிமையுடையதன்று, நஞ்செச்சம் குறைவு என்பதற்குச் சான்று வலிமையுடையது. இன்னொன்றும் மறவற்க. விலை மிகுதியால் வாரத்திற்கு நான்கு நாள் கீரை உண்ட வீட்டில் இரண்டு நாளாகக் குறையுமாயின், அது இழப்பே. இயற்கைக் கீரையைச் சிறிது உண்பதினும், சாதாரணக் கீரையை நன்கு கழுவிப் போதிய அளவு உண்பதே பிள்ளைகளுக்கு நன்று.

4. உயிர்க்கேடு எதில் குறைவு?

இப்பகுதியே நமக்குத் தலையாயது. இல்லறத்தார் செய்ய நேரும் இம்சையை நான்காகப் பகுத்துக் கூறுவது நம் மரபு: மனமறிந்து கொல்லும் சங்கற்ப இம்சை, சமையல் முதலிய வீட்டுச் செயல்களில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை. உழவன் ஏர் பிடிக்கையில் புழு மடிவது உத்தியோக இம்சை. இல்லறத்தார்க்கு அது முற்றும் விலக்க இயலாதது. ஆயின் அளவு மீறித் தெளிக்கும் நஞ்சு பூச்சியை மட்டுமா கொல்கிறது? பயிருக்கு நன்மை செய்யும் பொறிவண்டையும், சிலந்தியையும், தட்டானையும், தேனீயையும் கொல்கிறது. மழை பெய்தால் வயலிலிருந்து கண்மாய்க்கு இறங்கி மீனையும் தவளையையும் வருத்துகிறது. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தை நம்மில் பலர் கண்டிருப்பர். மீனும் பறவையும் யானையும் ஒரே நீரில் அச்சமின்றி இருக்க, மலர் கொய்வோரும் அவற்றினிடையே நிற்கின்றனர். நம் ஊர்க் குளங்கள் அவ்வாறு இருத்தல் வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை.

நஞ்சு முதலில் தாக்குவது உண்பவரை அன்று, தெளிப்பவரை. முகமூடியும் கையுறையும் இன்றி, வெயிலில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து செல்லும் கூலித் தொழிலாளியின் மூச்சில் அது புகுகிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்ட ஊர்களில் மக்கள் அடைந்த துயரை நாடறியும். அதன் பின்னரே 2011இல் உச்சநீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. முந்திரியை உண்டோர் எங்கோ இருந்தனர். துன்புற்றோர் தோட்டத்தின் அருகிருந்தனர். நாம் தரும் கூடுதல் விலையின் ஒரு பகுதி அத்தகையோரின் நலத்திற்கு என்று எண்ணினால், கணக்கு வேறாகத் தோன்றும்.

இவ்வளவும் இயற்கை வேளாண்மைக்குச் சார்பானவை. இனி, விற்பனைச் சீட்டு கூறாத மறுபக்கத்தையும் காண்போம். 'இயற்கை' என்பதனாலேயே 'கொல்லாமை' ஆகிவிடாது. இயற்கை உழவருள் சிலர் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலத்தைப் பயிருக்குத் தெளிக்கின்றனர். முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யும் கரைசலும் வழக்கில் உள்ளது. எலும்புத் தூள், இரத்தத் தூள், மீன் தூள் ஆகியன தேசியத் திட்டத்தின் உரப் பட்டியலிலேயே கட்டுப்பாட்டுடன் இடம் பெற்றுள்ளன. ஆகவே முத்திரை பெற்ற பொருளிலும் இவை பயன்பட்டிருக்கக்கூடும். மஞ்சள் ஒட்டுப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் பூச்சியைக் கொல்வனவே.

எனின், என் செய்வது? கேட்பதே வழி. "ஐயா, உரத்திற்கு என்ன இடுகிறீர்கள்? பூச்சிக்கு என்ன தெளிக்கிறீர்கள்?" என்று உழவரிடம் கேட்கலாம். தொழுவுரம், பசுந்தாள், பிண்ணாக்கு, கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யம் ஆகியவற்றால் விளைவிப்போரும் உளர். வேப்பங்கொட்டைக் கரைசலும் இலைக் கரைசல்களும் பெரும்பாலும் பூச்சி பயிரை அணுகாமலும் தின்னாமலும் தடுப்பன. அவற்றாலும் சில உயிர் மடியுமெனினும் கேடு சிறிது. நம் ஊரில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓர் உழவரிடம், "மீனும் முட்டையும் எலும்பும் இன்றி விளைவித்தால் ஆண்டு முழுதும் நாங்கள் வாங்குவோம்" என்று உறுதி கூறினால், அவ்வுறுதி எந்த முத்திரையினும் பயனுடையது.

இயற்கை அங்காடியில் அடுக்கியிருப்பன யாவும் நமக்கு ஏற்றவை என்றும் கருதற்க. இயற்கைத் தேன் எனினும் தேன் நமக்கு விலக்கே. இயற்கையாக விளைந்த கிழங்கும் கிழங்கே.

5. அளவுகோல் ஒன்று

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தான் நுகர்பொருள்களுக்கு எல்லை வகுக்குமிடத்து, சிறிய பயனுக்காகப் பல உயிர்க்குக் கேடு தருவனவற்றை விலக்குமாறு அறிவுறுத்துகிறது. சிறு பயன், மிகு கேடு என்னும் இந்த அளவுகோலையே இன்றைய கடைத்தெருவிலும் பயன்படுத்தலாம். எந்தப் பொருளில் நஞ்சு மிகுதியாகத் தெளிக்கப்படுகிறதோ, எதனை நாம் நாள்தோறும் தோலோடு உண்கிறோமோ, அங்கே கூடுதல் விலைக்குப் பயன் மிகுதி. மற்றவற்றில் பயன் சிறிது.

முதல் வரிசை: கத்தரி, வெண்டை, காலிபிளவர், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரை, திராட்சை. பூச்சித் தாக்குதல் மிகுதியாதலின் இவற்றில் பலவற்றுக்கு அடிக்கடி மருந்து தெளிக்கப்படுகிறது. தோலை நீக்கியும் உண்பதில்லை. வாய்ப்புள்ளோர் இவற்றை இயற்கை முறையில் விளைந்தனவாக வாங்குதல் தகும். கறிவேப்பிலையும் கீரையும் மிளகாயும் வீட்டுத் தொட்டியிலேயே வளரும். அதற்குச் செலவே இல்லை.

இரண்டாம் வரிசை: அரிசியும் பருப்பும். நாள்தோறும் மிகுதியாக உண்பன. அறிந்த உழவரிடம் நேரே வாங்க இயலுமாயின் வாங்குக. இடைத்தரகு இன்மையின் விலையும் சிறிது தாழும்.

மூன்றாம் வரிசை: தேங்காய், வாழை, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலா, பூசணி, வரகு, சாமை முதலியன. தடித்த தோலுடையனவும், மானாவாரியில் மருந்து மிகுதியின்றி விளைவனவும் இவை. சாதாரணக் கடையிலேயே வாங்கலாம்.

நான்காம் வரிசை: இயற்கைப் பிஸ்கட்டு, இயற்கைச் சர்க்கரை, இயற்கை நொறுக்குத்தீனி. இவற்றுக்குக் கூடுதல் விலை வீண். சர்க்கரை எம்முறையில் விளைந்தாலும் சர்க்கரையே.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 8,000 ரூபாய்க்கு உணவுப்பொருள் வாங்கும் குடும்பம் அனைத்தையும் ஒன்றரை மடங்கு விலையில் வாங்கின் 12,000 ரூபாய் ஆகும். கூடுதல் செலவு 4,000. முதல் வரிசைப் பொருள்களையும் சிறிது பருப்பையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பொருளை மட்டும் மாற்றினால் கூடுதல் செலவு 1,000. ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கும் இது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதுவும் இயலாதோர் வருந்த வேண்டா. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதல், காலிபிளவரைப் பிரித்து அலசுதல், தோல் சீவக்கூடியதைச் சீவுதல் ஆகியன மேற்பரப்பு எச்சத்தைக் குறைக்கும். செடியின் உள்ளே ஊடுருவும் மருந்து கழுவுவதால் முற்றும் போகாது என்பதை மட்டும் அறிந்திருத்தல் வேண்டும்.

6. முத்திரையும் நம்பிக்கையும்

இயற்கை உணவுக்கான ஒழுங்குமுறை விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வகுத்தது. அடைத்து விற்கும் பொருளில் அதற்குரிய முத்திரை இருத்தல் வேண்டும். சான்று இருவகையில் பெறலாம். ஒன்று, ஏற்பு பெற்ற நிறுவனம் ஆய்ந்து தருவது. நம் மாநிலத்தில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதனைச் செய்கிறது. மற்றொன்று, உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு முறை. ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல் விற்கும் சிறு உழவர், உண்போர்க்கு நேரே விற்கையில் சான்று கட்டாயமில்லை. ஆகவே சந்தையில் கூடை வைத்திருக்கும் அம்மையிடம் முத்திரை இல்லை என்பதால் அவர் பொய்யர் ஆகார். அதே வேளையில் பெரிய கடையில் முத்திரையின்றி 'ஆர்கானிக்' என எழுதி அடைத்து விற்பதை நம்பவும் வேண்டா.

நம்மவருள் வணிகம் செய்வோர்க்கு இங்கு ஒரு சொல். போலிப் பொருளை மெய்ப்பொருளாகக் காட்டி விற்றலைக் கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணியுள்ளது. சாதாரணப் பருப்பை இயற்கைப் பருப்பென்று விற்பது விலை மோசடி மட்டுமன்று. விரத பங்கமும் ஆகும்.

7. வாங்கிய பின் காத்தல்

கிடங்குகளில் பருப்புக்கும் தானியத்துக்கும் நச்சுப்புகை ஊட்டி வண்டுகளை அழிப்பர். இயற்கைப் பொருளுக்கு அது இல்லையாதலின், வீட்டுக்கு வந்தபின் வண்டு பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. வண்டு பிடித்த பின் வெயிலில் கொட்டினாலும் புடைத்து எறிந்தாலும் உயிர்க்கேடு நம் கையால் நேர்கிறது. ஆகவே வருமுன் காத்தலே அறம். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கற்க. வாங்கிய அன்றே ஆய்ந்து, ஈரமின்றி உலர்த்தி, இறுக மூடும் கலத்தில் இடுக. பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் பூசுதல், அரிசியில் உலர்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ இடுதல் ஆகியன நம் பாட்டியர் முறை. துவரைக்குச் செம்மண் கட்டுதலும் அவ்வாறே. கார்காலத்தில் இன்னும் குறைவாக வாங்குதல் நன்று.

சந்தையில் இயற்கைக் கீரையைத் தேடி வாங்கி வந்து, அதே அடுக்களையில் கரப்பான் கொல்லும் மருந்தை அடித்தல் எவ்வகையில் பொருந்தும்? பயனின்றித் தீங்கு செய்யாமையை, அநர்த்த தண்ட விரதம் என்று, நம் மரபு தனி விரதமாகவே வைத்துள்ளது. எச்சில் கலங்களை இரவே கழுவி, சந்துகளை அடைத்து, ஈரம் தங்காமல் துடைத்தால் மருந்துக்கு வேலையில்லை.

8. உழவரைப் பழியாதிருத்தல்

இலங்கை அரசு 2021இல் செயற்கை உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குறைந்தன, உழவர் கொதித்தெழுந்தனர், அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. சிக்கிம் மாநிலமோ பல்லாண்டு படிப்படியாக மாறி, 2016இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பெற்றது. தமிழ்நாட்டரசும் 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டுள்ளது. மண் மாறுவதற்குக் காலம் வேண்டும்; அக்காலத்தில் விளைச்சல் குறைந்தால் அதனைத் தாங்க உழவனுக்குத் துணை வேண்டும். கடன்பட்ட உழவனை நஞ்சிடுவோன் என்று ஏசுவதால் ஒரு புழுவும் பிழைக்காது. அவன் மாறுங்கால் அவன் பொருளை வாங்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்.

தொகுத்துரைப்பின்: அனைத்தையும் வாங்க வேண்டியதில்லை, ஒன்றும் வேண்டா என்று தள்ளவும் வேண்டியதில்லை. தேர்ந்து வாங்குக, கேட்டு வாங்குக, குறைவாக வாங்குக, காத்து உண்க.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க வினாக்கள்:

1. பாரம்பரிய அரிசிக்கும் இயற்கை அரிசிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இயற்கை உரங்களுள் நம் நெறிக்கு ஒவ்வாதவை எவை? உழவரிடம் அதனை எவ்வாறு பணிவாகக் கேட்பீர்?
3. உம் வீட்டில் சென்ற வாரம் வாங்கிய பொருள்களை நான்கு வரிசையாகப் பிரித்து எழுதுக. எவற்றை மாற்றலாம்?
4. உம் அடுக்களையில் பயன்படும் பூச்சி மருந்துகள் எவை? அவற்றுள் எதனை இம்மாதமே நிறுத்தலாம்?
5. உம் ஊரில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆதரிக்கத்தக்க உழவர் எவரேனும் உளரா?

வளர்க கொல்லாமை! வாழ்க பல்லுயிர்!